துணை மட்டும்

கடவுளை இறக்குவதற்கு ஏணி கிடைக்கவில்லை.

ஏற்றும்போது கிடைத்தது. பொதுப்பணித் துறையே வேனில் ஏற்றி அனுப்பி வைத்தது. இப்போது போன் பண்ணினால், ஏணி வேறு வேலையாகப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்கிறார்கள். துணைப் பதிவாளர் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். நிலைக்கு மேலே பித்தளை எழுத்தில் இரண்டு சொற்கள், வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. கடவுள் துணை.

பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிகிற அலுவலகம் அது. ஒரு மனிதன் மூன்று தடவை வரவேண்டிய இடம். முதல் தடவையும் கடைசித் தடவையும் ஆள் நேரில் வர முடியாது என்பதால் அலுவலகம் பெருந்தன்மையோடு உறவினரை அனுமதித்தது. உள்ளே இரண்டு கவுண்ட்டர், ஒரு பெஞ்சு, சுற்றும்போது தலையையும் சேர்த்து ஆட்டுகிற ஒரு மின்விசிறி.

வாசகம் வைக்கச் சொல்லி மேலிடத்து ஆணை வந்தது போன வருஷம். எந்தக் கடவுள் என்று ஆணை சொல்லவில்லை. அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்து, எழுந்து, டீ குடித்து, மறுபடி உட்கார்ந்து, ஒருத்தர் மனமும் புண்படாத ஒரு பொதுச் சொல்லைப் பிடித்திருந்தது. எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் தெருமுனைக் குழாய் மாதிரி அது யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று. யாரும் கும்பிடவுமில்லை, திட்டவுமில்லை. ஒரு குருவி மட்டும் 'ட'வுக்கு உள்ளே கூடு கட்டப் பார்த்து, இடம் போதாமல் போய்விட்டது.

கெட்டது ஒரே ஒருத்தரால்தான். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவியின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர், வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் பொறுமை போய், "இங்க உதவி பண்ண ஒரு ஆளுகூட இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கவுண்ட்டர் குமாஸ்தா பேனாவால் வாசலைக் காட்டினார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், திறந்திருந்த கதவுக்கு வெளியே, நிலைக்கு மேலே இருக்கிற வாசகம் ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் வக்கீலைப் பார்த்துவிட்டார். வெளியே போகச் சொல்லித்தான் கை காட்டினேன், வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்று குமாஸ்தா பிற்பாடு விளக்கம் எழுதிக் கொடுத்தார். அது வழக்குக்கு உதவவில்லை.

வேடிக்கை என்னவென்றால் கண்டக்டர் நெற்றியும் வாயும் எந்நேரமும் பக்தியாக இருக்கிற மனுஷன். "எனக்கு மதம் இருக்கு. அரசாங்கத்துக்குக் கிடையாதுன்னு சட்டமே சொல்லுது. ரெண்டையும் ஏன் கலக்கறீங்க?" என்று நீதிமன்றத்திலேயே கேட்டாராம். நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு முடியும்வரை வாசகத்திலுள்ள மதச்சார்பான சொல்லை மட்டும் அகற்ற வேண்டும். பொறுப்பு அதிகாரி நேரில் நின்று பார்த்து அறிக்கை தர வேண்டும்.

பதிவாளர் மலைப் பிரதேசத்தில் பயிற்சியில் இருந்தார். குளிர்காலத்தில் அவருக்குப் பயிற்சி வருவதில்லை, வெயில் காலத்தில்தான் வரும். ஆகவே பொறுப்பு அதிகாரி என்றால் துணைப் பதிவாளர்.

அண்ணாந்து பார்த்த கழுத்தை இறக்குவதற்குள் வீட்டிலிருந்து போன்.

"ஏங்க, ஏணி வந்துச்சா?" என்றாள் மனைவி.

"வரல."

"வியாழக்கிழமையாவது வருவீங்களா, இல்ல அன்னிக்கும் கடவுளுக்கு ஏதாவது வேலை வச்சிருக்காங்களா?"

அவளுக்குப் பித்தப்பையில் கல். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்து, இரண்டு தடவை தவறிவிட்டது. முதல் தடவை, வாசகம் ஏற்றுகிற அன்று அதிகாரிகள் யாரும் விடுப்பு எடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை. இரண்டாவது தடவை நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவையும் வராவிட்டால் பட்டியலின் கடைசிக்குப் போட்டுவிடுவோம், அடுத்த மழைக்குத்தான் கூப்பிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல் காத்திருக்கும். வலி காத்திருப்பதாகத் தெரியவில்லை.

"லீவு எழுதி பதிவாளர் மேஜை மேல வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வர்றார். வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவார்."

"போடலைன்னா?"

"என் தங்கச்சிய வரச் சொல்லட்டுமா துணைக்கு?"

"உங்க தங்கச்சியா? பேசியே கல்லைக் கரைச்சிடுவாங்க. அப்புறம் ஆபரேஷனே வேணாம்." சொல்லிவிட்டுக் குரலை இறக்கினாள். "அதுக்கில்லைங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. குளியலறையில் பாம்பு வந்தபோதுகூட விளக்குமாறு எங்கே என்றுதான் கேட்டாள்.

"வந்துடறேன்மா" என்றார்.

கடைசியில் ஏணி கொண்டுவந்தது, எழுத்தை மாட்டிய அதே போர்டுக்காரர்தான். சாய்த்து வைத்தார், செருப்பைக் கழற்றினார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"மாட்டும்போது செருப்போடதானேய்யா ஏறினே?" என்றார் துணைப் பதிவாளர்.

"அப்ப அவருக்கு நல்லது பண்ணேன் சார். இப்ப கோவம் வரும்ல."

கோபம் வந்ததற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. க வந்தது, ட வந்தது, வு வந்தது. ளவும் வந்தது, அதன் மேலிருந்த புள்ளி மட்டும் வர மறுத்தது. எழுத்துக்கு ஆணி, புள்ளிக்கு ஏதோ பசை. போன வருஷம் ஆணி தீர்ந்துவிட்டதாம். உளியை வைத்தால் சுவர்தான் பெயர்கிறது.

"புள்ளி என்ன மதம் சார்?" என்று மேலிருந்து கேட்டார்.

துணைப் பதிவாளர் உத்தரவை எடுத்து மறுபடி படித்தார். "சொல்லைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கு. புள்ளி சொல் இல்ல. விட்டுட்டு இறங்குய்யா."

தட்டச்சு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலேயே மூத்தவர், ஆகையால் எல்லாருக்கும் அக்கா. "இருப்புல எப்படி ஏத்தறது சார்? பித்தளை எழுத்து நாலுன்னு போடட்டுமா, கடவுள் ஒண்ணுன்னு போடட்டுமா?"

"நாலுன்னு போடுங்க. ஒண்ணுன்னு போட்டா அதுக்கும் ஒருத்தர் கேஸ் போடுவார்."

நாலு எழுத்தையும் ஒரு கோணிச் சாக்கில் கட்டி, ஆவண அறையில், பழைய ஓட்டுப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வாசலில் வெறும் சுவர், அதில் அந்தரத்தில் ஒரு புள்ளி, அப்புறம் 'துணை'.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சார், உங்க பேரைப் போட்டாச்சு போல."

அவர் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

திங்கட்கிழமை ஒரு அம்மா மகளுடைய படத்தையும் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, "வரன் பாக்கிற இடம் இதுதானே? வெளிய துணைன்னு போட்டிருக்கு" என்றார். இல்லை, வரன் கிடைத்தபிறகு வருகிற இடம் என்று குமாஸ்தா விளக்கினார். அதற்கப்புறம் வந்த ஒரு பெரியவர், தனியாக இருக்கிற முதியவர்களுக்கு ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டார். மதியத்துக்குமேல் வந்தவர்கள் பெரிய ஆபீசர் உட்காருகிற கட்டடம் எங்கே என்று விசாரித்தார்கள்; இது துணை அதிகாரியின் அலுவலகமாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். துணைப் பதிவாளர் ஒவ்வொருத்தருக்கும் இதேதான், இங்கேதான் என்று சொல்லிச் சொல்லி வாய் காய்ந்து போனார்.

செவ்வாய்க்கிழமை பதிவாளர் பயிற்சி முடிந்து, கன்னமெல்லாம் சிவந்து வந்து இறங்கினார். காரிலிருந்து வாசலுக்கு வர அவருக்கு அரை நிமிஷம் போதும். அன்று வெகுநேரம் ஆயிற்று. அறைக்குள் போனதும் மணி அடித்தது.

"வெளிய என்ன எழுதியிருக்கு?"

"துணை, சார்."

"அது யாரு?"

"சார்?"

"இந்த ஆபீஸ்ல துணை யாருங்கறேன்."

"நான்தான் சார். ஆனா அது நான் இல்ல சார்."

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ஊர்ல இல்ல. கடவுளும் இல்ல. ரெண்டு பேரும் இல்லாத நேரம் பாத்து நீங்க மட்டும் வாசல்ல ஏறி உக்காந்துட்டீங்க."

"கோர்ட்டு உத்தரவு சார். மதச்சார்பான சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னாங்க. துணையில மதம் இல்லையே சார்."

"அப்ப அதையும் எடுத்துடுங்க."

"மட்டும்னு இருக்கு சார். அதையும் எடுத்தா உத்தரவை மீறினதா ஆயிடும். அவமதிப்பு வரும். உங்க பேருக்குத்தான் வரும்."

பதிவாளர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மேஜையில் அவர் கைக்குக் கீழே விடுப்பு விண்ணப்பம் இருந்தது. துணைப் பதிவாளருக்கு அதன் ஒரு மூலை தெரிந்தது. அவர் எழுதியதுதான். 'மனைவிக்கு அறுவை சிகிச்சை, உடனிருக்க வேறு ஆள் இல்லை'.

"வர்றவன் எல்லாம் பெரியவர் எங்கன்னு கேக்கறானாம். எனக்கு டிரைவர் சொல்றான். டிரைவர் சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்." பதிவாளர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். "சரி, எடுக்க முடியாது. சேக்கலாம் இல்ல? சேக்கக்கூடாதுன்னு உத்தரவுல இருக்கா?"

"இல்ல சார்."

"இது யாரோட ஆபீஸ்?"

"உங்களோடது சார்."

"அப்ப அந்தக் காலி இடத்துல பதிவாளர்னு போடுங்க. மதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பதவி. பதிவாளர், துணை, ரெண்டு பேரும் இருக்கற ஆபீஸ்னு எவனுக்கும் புரியும். முதல்ல நான், அப்புறம் நீங்க. முறையா இருக்கும்."

துணைப் பதிவாளர் மனசுக்குள் ஒருமுறை சேர்த்துப் படித்துப் பார்த்தார். வாயைத் திறந்தார். பதிவாளரின் பேனா விண்ணப்பத்துக்கு மேலே வந்து நின்றது.

சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியது அவர் வேலையும்கூட. ஆனால் சொன்னால் பதிவாளர் யோசிப்பார். யோசித்தால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார், மேலிடம் குழு போடும், குழு உட்காரும், எழுந்திருக்கும், டீ குடிக்கும். அதற்குள் ஒரு வியாழக்கிழமை இல்லை, ஒன்பது வியாழக்கிழமை போய்விடும். எனக்குப் பயமா இருக்கு என்றது காதில் கேட்டது. உடம்பெல்லாம் ஒரு அலுப்பு இறங்கியது. வாசகம் ஏற்றிய அலுப்பு, இறக்கிய அலுப்பு, இனி ஏற்றப்போகிற அலுப்பு.

"நல்லா இருக்கும் சார்" என்றார்.

"நாளைக்கு மாட்டி முடிச்சுட்டு, வியாழக்கிழமைல இருந்து போயிட்டு வாங்க" என்று பதிவாளர் கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து. சுழித்து, அடிக்கோடும் இழுத்தார்.

புதன்கிழமை போர்டுக்காரர் வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. ப, தி, வா, ள என்று வரிசையாக மாட்டிக்கொண்டே போய், கடைசியில் ர வைத்தபோது அவருக்கே ஆச்சரியம். பழைய புள்ளி சரியாக அதன் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா சார், இதுக்குத்தான் அது வர மாட்டேன்னுச்சு" என்று இறங்கி வந்தார்.

தட்டச்சு அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். "பதிவாளர் துணை." பிறகு துணைப் பதிவாளரைப் பார்த்தார்.

"பாக்காதீங்கக்கா. வியாழக்கிழமை முடியட்டும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. போன தடவை பொதுவா இருந்துச்சு. இப்ப ஆளு தெரியுது, அவ்வளவுதான்."

அன்று மாலை பதிவாளர் வெளியே வரும்போது, குழந்தையின் பிறப்பைப் பதிய வந்த ஒருத்தர் மேலே படித்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார். பதிவாளர் கையை உயர்த்தினார். வழக்கமாக அவர் அப்படி உயர்த்துகிறவர் இல்லை.

வியாழக்கிழமை காலை, ஆவண அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று துணைப் பதிவாளர் வந்தார். மனைவியை வார்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அரை மணியில் திரும்பிவிடுவதாகப் பேச்சு. "அரை மணின்னா உங்க ஆபீஸ் அரை மணியா, வெளிய இருக்கறவங்க அரை மணியா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

சாவியைக் கொடுத்துத் திரும்பினால் படியில் கண்டக்டர். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ். அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இது என்ன சார்?"

"பேர்ப் பலகை."

"பதிவாளர் துணை." கண்டக்டர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கோபப்படுவார் என்று துணைப் பதிவாளர் காத்திருந்தார். கண்டக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கேஸ் போட்டது எதுக்குன்னு உங்களுக்காவது புரியுதா? என் பஸ்ல டிரைவருக்கு முன்னாடி சாமி படம் இருந்துச்சு. நான்தான் மாட்டினேன், தினம் கும்பிட்டுத்தான் ஏறுவேன். ஆனா டிக்கெட் நான்தான் கிழிச்சேன் சார். யாரையும் படத்துகிட்ட போய் வாங்கிக்கன்னு சொல்லல."

"புரியுது."

"சாமியை எடுத்துட்டு ஆபீசரை வைக்கவா சொன்னேன்?"

துணைப் பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டோ பிடித்தால் இன்னும் நேரம் இருந்தது. "உங்க சான்றிதழ் இன்னும் திருத்தலையா?"

"எங்க? அவ பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சு. உசுரோட இருந்தப்ப ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில ஒண்ணை நீங்க எடுத்துட்டீங்க. பேங்க்ல போய் நீட்டினா, செத்தது வேற அம்மான்னு சொல்றான்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "துணைப் பதிவாளர் கையெழுத்து வேணுமாம். நீங்க லீவாம். உள்ள சொன்னாங்க. ரைட், அடுத்த ட்ரிப்புல பாக்கறேன்."

எழுந்து, உறையைச் சட்டைக்குள் செருகினார்.

போயிருக்கலாம். விடுப்பு கையெழுத்தாகிவிட்டது, சட்டப்படி அந்த நேரத்தில் அவர் துணைப் பதிவாளரே இல்லை. அவர் ஆட்டோ நிறுத்தத்தைப் பார்த்தார், கண்டக்டரின் முதுகைப் பார்த்தார். பெருமூச்சு ஒன்று வந்தது. கருணையால் வந்தது என்று சொல்ல முடியாது, அலுப்பில் வந்ததுதான்.

"குடுங்க" என்றார்.

மூலப்பதிவு எந்த அலமாரியில் என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. அலமாரி திறந்தது, கட்டு மாறியிருந்தது, இன்னொரு கட்டு அவிழ்ந்தது. நின்றுகொண்டே ஒரு காலைப் போட்டு, சுருக்கொப்பம் வைத்து, முத்திரை குத்தினார். வைத்த காலைக் கண்டக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். மை ஒட்டிக்கொண்டது.

"கேஸை வாபஸ் வாங்கிடட்டுமா சார்?"

"வேணாம், நடத்துங்க. புதுசா மாட்டினதை எடுக்கவும் ஒரு உத்தரவு வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போய்ச் சேர்ந்தபோது, மனைவியைப் பச்சை உடுப்புப் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு நர்ஸ் அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார்.

"துணைக்கு யாரு, துணைக்கு யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "நான் அதைக் காட்டினேன்."

காட்டிய பக்கம் அவர் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே, அதே பித்தளை, அதே எழுத்து. கடவுள் துணை. நீதிமன்ற உத்தரவு இங்கே இன்னும் வந்து சேரவில்லை.

"அவர் கையெழுத்துப் போட மாட்டார்னு சொன்னேன். இவங்க சிரிக்கறாங்க" என்றார் நர்ஸ். "நீங்க வீட்டுக்காரரா? போடுங்க சார், டாக்டர் கத்தறார்."

"லேட்" என்றாள் மனைவி.

"ஒருத்தருக்குக் கால் போடவேண்டியிருந்துச்சு" என்றார்.

"நீங்க எப்ப டாக்டரானீங்க?" அவள் கை வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. சில்லென்று இருந்தது. விடவில்லை. சட்டை அவள் பிடியில் இருந்ததால் அவர் கொஞ்சம் கோணலாக நின்றுதான் கையெழுத்துப் போட முடிந்தது. போட்டதும் கை தன் பழக்கத்தில் கீழே ஓடி, 'துணைப் பதிவாளர்' என்றும் எழுதிவிட்டது.

நர்ஸ் பார்த்தார். "பதவியெல்லாம் வேணாம் சார். துணை மட்டும் போதும்." பேனாவை வாங்கி 'பதிவாளர்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. சட்டை நுனி இழுபட்டுக் கதவுவரை போய், அங்கே விடுபட்டது.

அட்டை அவர் கையிலேயே தங்கிவிட்டிருந்தது. 'துணைப்' என்று நின்றது. அடித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்த ப் மட்டும் மிஞ்சியிருந்தது, புள்ளியோடு. எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பேனா நர்ஸோடு போயிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார். புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும்.